போதுமா, நுவைர்?

கரீஃப் மழைக்காலம் வந்துவிட்டால் நுவைர் வீட்டில் எதையும் நம்ப முடியாது. உப்பு ஜாடியைத் திறந்தால் உப்புத்தண்ணீர் இருக்கும். தீக்குச்சியை உரசினால் மருந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வெறும் குச்சி கையில் மிஞ்சும். நேற்றுத் துவைத்ததும் போன வாரம் துவைத்ததும் ஒரே ஈரத்தோடு கொடியில் தொங்கும். கழற்றி மாட்டிய இடுப்புவார் மறுநாளே பச்சை பூத்து நிற்கும். கடலில் கிளம்புகிற மூட்டம் கரையோர ஊரான தாகாவைத் தாண்டி மலையேறி வந்து, ஜன்னல் இடுக்கில் நுழைந்து, கேட்பாரில்லாத விருந்தாளி மாதிரி மூன்று மாதம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இப்படி நனைவதற்கென்றே துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வந்து, புல்லில் பாய் விரித்து, கறி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கென்ன, ஊரில் காய்ந்த வீடு இருக்கிறது.

இந்த வருடம் நுவைருக்கு உப்பைப் பற்றிக் கவலையில்லை, வாரைப் பற்றியும் இல்லை. அவள் கவலையெல்லாம் நடு அறையில் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பற்றித்தான். அதற்குள் அவள் புருஷனின் குரல் இருந்தது. வேறு எங்கும் அது இல்லை, அவன் தொண்டையிலும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் மஸ்கட் ஆஸ்பத்திரியில் சுஹைலைப் பார்த்த டாக்டர், குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்று சொல்லிவிட்டார். மகள் துஃபூல் பள்ளிக்கூட டீச்சர். அந்த மலையிலேயே முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவளும் அவள்தான். ஆபரேஷனுக்குக் கிளம்புகிற அன்று அப்பாவை மேஜைமுன் உட்கார வைத்து, வாய்க்கு நேரே மைக்கை நீட்டினாள்.

“ஏதாவது பேசுங்க வாப்பா. உங்க குரல் உள்ள பதிஞ்சிரும்.”

“என்னத்தப் பேச?”

“எதையாவது. எங்களப் பத்திப் பேசுங்க. உம்மாவப் பத்திப் பேசுங்க.”

“பொண்டாட்டியப் பத்தி மிஷின்கிட்டப் பேசுறதா? நல்லா இருக்கு கத.”

தாடியைத் தடவிக்கொண்டான். பிறகு கண்ணை மூடி, வாழ்நாள் முழுக்கச் சாயங்காலம் என்ன செய்தானோ அதையே செய்தான். மாட்டைக் கூப்பிட்டான். ஹோஓ ஹ்ரோ, ஹோஓ ஹ்ரோ என்று அடிவயிற்றிலிருந்து எழும்பி, நடுவில் ஓர் இடத்தில் உடைந்து, மறுபடி ஏறுகிற கூப்பாடு. கொட்டிலில் கட்டிக் கிடந்த மாடுகள் பாதிப் பகலில் என்ன இது என்று எழுந்து நின்றன. முடித்ததும் இருமினான். வெட்கத்தோடு சிரித்தான். வாசல்நிலையில் சாய்ந்து நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்து, “போதுமா, நுவைர்?” என்றான். துஃபூல் அதையும் சேர்த்துத்தான் பதிந்து வைத்தாள். அவ்வளவுதான் மிச்சம்.

திரும்பி வந்த சுஹைலின் கழுத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகத்தான் மூச்சு. கரீஃப் ஈயும் மூட்டமும் உள்ளே போகாமல் அதற்கு மேல் ஒரு வெள்ளைத் துணி. ஆள் பிழைத்துவிட்டான், மாடுகள்தான் வீட்டுக்கு வர மறுத்தன. அவனுடைய சித்தப்பா மகன் பகீத், பக்கத்து வீட்டுக்காரன், வண்டியும் வாயும் சொந்தமாக வைத்திருப்பவன், தன் குரலில் கூப்பிட்டுப் பார்த்தான். மாடுகள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விட்டன. இந்த மலையில் மாட்டின் மடியைப் பெண்கள் தொடுவதில்லை, மாட்டைக் கூப்பிடுவதும் ஆண்கள் வேலை. அதனால் நுவைர் கூப்பிட்டுப் பார்க்கிற பேச்சே எழவில்லை. அப்போதுதான் துஃபூலுக்கு அந்த யோசனை வந்தது. பள்ளிவாசலில் புது ஒலிபெருக்கி மாட்டிவிட்டுப் பழையதைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பகீத் அதைக் கொண்டுவந்து கூரைமேல் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, ஒயரை உள்ளே இழுத்தான்.

முதல்நாள் அந்தக் கூப்பாடு கூரையிலிருந்து கிளம்பியபோது மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த புல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்தன. சுஹைல் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். கடைசி மாடு கொட்டிலுக்குள் போகும்வரை அவன் திரும்பவே இல்லை. ஊர்க்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? தினம் சாயங்காலம் மலை முழுக்க “போதுமா, நுவைர்?” என்று கேட்கிறது. தண்ணீர் லாரிக்காரன்கூட குழாயை மூடும்போது அதைத்தான் கேட்டான்.

எல்லாம் சரி, ஒரு ஆபத்து மட்டும் அதில் இருந்தது, அது சுஹைலுக்குத்தான் முதலில் புரிந்தது. வீடு இருப்பது பள்ளத்தின் விளிம்பில். கரீஃபில் நல்ல புல் முளைப்பது எதிர்ச்சரிவில். மாடுகளைப் பள்ளத்தின் தலைப்பக்கமாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய், அப்படியே சுற்றித்தான் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். முன்பு அவன் மாடுகளுக்கு முன்னால் நடந்து, பாதையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவான். இப்போது குரல் கூரையில் நிற்கிறது. மாட்டுக்குப் பாதை தெரியாது, குரல்தான் தெரியும். எதிர்ச்சரிவில் நிற்கும்போது குரல் கேட்டால் நேரே அதைப் பார்த்து வரும், நடுவில் பள்ளம் வாயைத் திறந்து கிடக்கும்.

அதனால் ஓர் ஏற்பாடு. மாடுகளை ஒவ்வொன்றாக விரட்டி, இந்தப் பக்கத்துக் காட்டத்தி மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, சுஹைல் தோளில் தொங்கும் பால்மாவு டின்னைக் குச்சியால் தட்டுவான். டின் சத்தம் கேட்டால் நுவைர் பட்டனை அழுத்தவேண்டும். கேட்காவிட்டால் தொடக்கூடாது. அந்த டின்னுக்கு வேறு அர்த்தம் கிடையாது. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால், கீழே இருக்கும் நீளப் பட்டனில் துஃபூல் சிவப்பு நகப்பூச்சைத் தடவி வைத்திருந்தாள்.

ஆடி அசைந்து கரீஃப் உச்சத்துக்கு வந்தது. துஃபூல் மிஷினைச் சுவரைவிட்டு ஒரு கை தள்ளி வைத்தாள். மேஜைக்கடியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டாள். செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வருகிற சின்னச் சின்ன ஈரம் குடிக்கும் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கி, தோசைக்கல் மாதிரி இருக்கும் ரொட்டிக்கல்லில் வாட்டி, பெட்டியைச் சுற்றி அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை: கரீஃப் முடிகிறவரை இதை அணைக்கவே கூடாது.

“ராவும் பகலும் ஓடட்டும் உம்மா. அதோட சூடுதான் அதுக்குக் காவல். அணைஞ்சு குளிர்ந்துச்சுன்னா உள்ள ஈரம் பூத்துரும். மறுபடி உசுரு வருமா வராதான்னு என்னால சொல்ல முடியாது.”

“போன வருஷம் சி.டி. தட்டுல எழுதி வச்சியே, அது?”

“அதப் பூஞ்ச தின்னுருச்சு. காட்டுனேனே, இலைல புழு அரிச்ச மாதிரி. இப்ப தட்டு எழுதுற பகுதியும் துருப்பிடிச்சு வேல செய்யல.”

“தட்டையே தின்னுருக்கு. மனுசன விடுமா?” என்றாள் நுவைர்.

நுவைருக்குத் தன் மகளின் பல்பிலும் பொட்டலத்திலும் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஈரம் என்றால் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். மலைக்குப் பின்னால் மழை எட்டாத காய்ந்த பக்கத்தில் விளைகிற சாம்பிராணி. துணிக்கு, படுக்கைக்கு, பால் பாத்திரத்துக்கு, பிரசவித்தவளுக்கு, கன்று போட்ட மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அவள் அதைத்தான் காட்டினாள். மிஷினுக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை என்று, சாயங்காலம் தணல்சட்டியை மேஜைக்கடியில் வைத்து, மேலே போர்வையை இழுத்துவிட்டு, குழந்தைக்குத் தலை காயவைக்கிற மாதிரி புகை போட்டாள். பெட்டியின் ஓட்டைகள் வழியாகப் புகை உள்ளே போய் மேலே வந்தது. பட்டன்களிலெல்லாம் மஞ்சளாக ஒரு மினுமினுப்புப் படிந்தது. மிஷினுக்குப் பளபளப்பு வந்துவிட்டதாக அவள் சந்தோஷப்பட்டாள்.

ஒரு காலையில், விடிந்தும் விடியாத மூட்டத்தில், யாரும் தொடாமலே கூரை கூப்பிட்டது.

நுவைர் ரொட்டி மாவில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கொட்டிலில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. சுஹைல் பால் செம்போடு ஓடி வந்து வாசலில் நின்று அவளைப் பார்த்தான். அவள் மாவுக் கையைத் தூக்கிக் காட்டினாள், நான் இல்லை என்று. “போதுமா, நுவைர்?” என்று கேட்டுவிட்டு அது அடங்கியது.

பகீத் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“என்ன மதினி, காலங்காத்தால புருஷன எழுப்பி விட்டுட்டீங்க? ஒண்ண வச்சே சமாளிக்க முடியல, கூரையில இன்னொண்ணு.”

“நான் தொடல பகீத். அதுவா கூப்பிட்டுச்சு.”

“அதுவா கூப்பிட்டுச்சா? அப்ப மாப்பிள்ளைக்குக் கோபம். நேத்து யாரு அவரக் கவனிக்காம விட்டது?”

சுஹைல் சிரிக்கவில்லை. பெட்டியைக் காட்டினான், தன் கழுத்தைக் காட்டினான், பிறகு கையை வீசினான், பள்ளத்துக்குள் எதையோ எறிகிற மாதிரி. அவன் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

“சும்மா இருங்க நீங்க,” என்றாள் நுவைர். “உங்களுக்கு வேண்டாம்னா எனக்கு வேணும்.”

துஃபூல் நீளப் பட்டனை அழுத்தியும் விட்டும் பார்த்தாள். அழுத்தினால் மெதுவாகத்தான் மேலே வந்தது, சேற்றிலிருந்து கால் எடுக்கிற மாதிரி. விரலை முகர்ந்தாள்.

“உம்மா, இதுக்கு சாம்பிராணி போட்டீங்களா?”

“எப்பவோ ஒருநாள்.”

“எப்பவோ ஒருநாளா? பிசினு அப்பிக் கெடக்கு. பிசினும் ஈரமும் சேந்து பட்டன் ஒட்டுது, அதான் அதுவா பாடுது. தெரியாமத்தான் கேக்குறேன், மிஷின் என்ன மணப்பொண்ணா?”

“எங்க கையில இருக்கிறது அது ஒண்ணுதான். நாங்க அதத்தான் போடுவோம். உன்னப் பெத்த அன்னைக்கு உனக்கும் அதத்தான் போட்டாங்க, நீ பாடாம இருக்கியா?”

பகீத் விழுந்து விழுந்து சிரித்தான். துஃபூலும் சிரித்துவிட்டாள். அத்தர்ப் பஞ்சால் பட்டனைத் துடைத்தாள். “சலாலாவுல விரல் நீளத்துல ஒண்ணு விக்கிறாங்களாம், வாப்பா குரல அதுல ஏத்தி எங்க வேணாலும் கொண்டுபோகலாம். அதையும் புதுப் பட்டன் பலகையும் வாங்கிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் உம்மா, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், தணல்சட்டிய இந்தப் பக்கம் கொண்டுவராதீங்க.”

நுவைர் சரி என்றாள். நிஜமாகவே கேட்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் பெட்டியின் தகரத்தைத் தொட்டபோது விரலில் ஈரம் ஒட்டியது. போன வருஷத் தட்டில் புழு அரித்த கோடுகள் நினைவுக்கு வந்தன. இந்த மகள் படித்தவள், மூட்டத்தோடு அவளுக்கு என்ன பழக்கம் என்று தோன்றியது. தணல்சட்டியை மேஜைக்கடியில் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தாள்.

யாருக்கும் தெரியாத இன்னொன்றும் இருந்தது. சுஹைல் மாட்டோடு போன பிறகு, துஃபூல் பள்ளிக்குப் போன பிறகு, அவள் கூரைக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டு, பட்டனை அழுத்தி, பெட்டிக்குள்ளேயே முணுமுணுக்கிற அந்தக் குரலைக் காதை வைத்துக் கேட்பாள். கூப்பாட்டை அல்ல, அதன் முடிவை. போதுமா என்று கேட்கும்போது அந்தக் குரலில் ஒரு சிரிப்பு அடங்கிக் கிடந்தது. போதாது என்று ஒவ்வொரு தடவையும் அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு, அந்தக் கூப்பாடு எங்கே உடையும், எங்கே ஏறும், எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி ஆகிவிட்டது.

பள்ளி விடுமுறையில் துஃபூல் பகீத்தின் வண்டியில் சலாலாவுக்குக் கிளம்பினாள். மூட்டம் அன்று வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. வாசலில் நின்ற வண்டியின் பின்விளக்கு சக்கரம் உருளுமுன்பே மங்கிவிட்டது.

“மெதுவாப் போ பகீத். ரோட்டுல ஒட்டகம் நிக்கும்.”

“ஒட்டகமெல்லாம் எப்பவோ சமவெளிக்கு எறங்கிருச்சு மதினி, வழுக்கும்னு அதுக்கே தெரியுது. இப்ப ரோட்டுல நிக்கிறது துபாய்க்காரங்கதான். அவங்கள இடிச்சா அபராதம் ஜாஸ்தி.”

“பட்டன ரொம்ப அழுத்தாதீங்க உம்மா,” என்று துஃபூல் உள்ளிருந்து சொன்னாள். “லேசாத் தொட்டாப் போதும். பிளக்க மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிடுங்கிராதீங்க.”

சுஹைல் மாடுகளை அவிழ்த்தான். ஹம்ரா, செவலைப் பசு, எப்போதும் முன்னால் போகிறவள், கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கன்றைக் கொட்டிலில் கட்டிவிட்டு அவளை ஓட்டினான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நுவைர் அவனுக்கு ரொட்டியும், கொழுப்பில் போட்டு வைத்த உப்புக்கறியும் துணியில் கட்டிக் கொடுத்தாள். கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

“இன்னைக்கு எதிர்ப்பக்கம் போகணுமா? கண்ணுக்குக் கை தெரியல.”

அவன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். இந்தப் பக்கத்துப் புல் தீர்ந்துவிட்டது, மாடு பட்டினி கிடக்கிறது. பிறகு டின்னை லேசாக ஒரு தட்டுத் தட்டி, அவள் காதைக் காட்டினான். கவனமாக இரு என்று.

“என் காதுக்கு ஒண்ணுமில்ல. போய்ட்டு வாங்க.”

பகல் முழுக்கத் தூறல் நிற்கவில்லை. அவள் விறகை அடுப்பைச் சுற்றி அடுக்கிக் காயவைத்தாள், கொட்டிலில் ஈக்குப் புகை போட்டாள், கன்றுக்குப் பச்சைப்புல் நீட்டினாள். அது தின்னாமல் அம்மா என்று கத்தியது. வீட்டுக்குள் வந்தபோது சுவரிலிருந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்கடியில் எரிந்த பல்பு எப்போதோ அணைந்துபோயிருந்தது. மிஷினைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. ஆனாலும் பட்டன்களின்மேல் வியர்த்திருந்தது. அவள் முந்தானையால் ஒற்றினாள். போகாத ஈரம். கடைசியில், மகளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, தணல்சட்டியைக் கொண்டுவந்து மேஜைக்கடியிலேயே வைத்து, ஒன்றுக்கு இரண்டாகச் சாம்பிராணி உருண்டைகளைப் போட்டாள். போர்வையை மூடினாள். அறை வெள்ளையாகிவிட்டது.

வெளியே மூட்டம், உள்ளே புகை. அவள் அந்த இரண்டுக்கும் நடுவில் வாசல்படியில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் கிடந்தது.

அப்போது கூரை கூப்பிட்டது.

ஹோஓ ஹ்ரோ, ஹோஓ ஹ்ரோ. கண்மூடித் திறக்கிற நேரத்துக்கு, சுஹைலுக்குத் தொண்டை திரும்பிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அந்த ஒரு கணம் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு முறம் கையிலிருந்து விழுந்தது. எழுந்து உள்ளே ஓடினாள். போர்வையை உருவினாள். சிவப்புப் பட்டன் பாதி கீழே, பாதி மேலே நின்றது.

கூப்பாடு முடிந்தது. “போதுமா, நுவைர்?”

அந்த அமைதியில் டின் சத்தம் கேட்டது.

டண் டண் டண் டண் என்று வேகமாக. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, அவன் அத்தி மரத்தடிக்கு வந்துவிட்டான். மழைக்குப் பயந்து நேரத்தோடு ஓட்டி வந்திருக்கிறான், குரல் கேட்கிறான். மிஷின் முந்திக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று. டின் நிற்கவில்லை. அவசர அவசரமாகத் தட்டுகிறான், மாடு கலைகிறது போல. இன்னொரு தடவை வேண்டும் என்கிறான். நுவைர் சிவப்புப் பட்டனில் கட்டைவிரலை வைத்து, லேசாகத் தொடச் சொன்னதை மறந்து, அடி வரைக்கும் அழுத்தினாள்.

பட்டன் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

ஹோஓ ஹ்ரோ, ஹோஓ ஹ்ரோ. போதுமா, நுவைர்? மூச்சு விடாமல் மறுபடி ஹோஓ ஹ்ரோ. அவள் நகத்தால் பட்டனை நெம்பினாள். பிசின் இழுத்தது. வெளியே டின் வெறிபிடித்த மாதிரி அடித்தது, குச்சி ஒடிகிற அடி. குரல் கேட்கிறதே, இன்னும் ஏன் தட்டுகிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. வாசலுக்கு ஓடி வந்து காதைத் தீட்டினாள். மூட்டத்தில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வது கஷ்டம். கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு அத்தி மரத்துப் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. டின் அடித்தது நேர் எதிரிலிருந்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நிறுத்து என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

“யா அல்லாஹ்,” என்றாள் நுவைர்.

அந்தப் பக்கத்தில் கற்கள் உருண்டன. ஒரு மாடு கத்தியது, கூப்பாட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி, வந்துவிட்டேன் என்கிற மாதிரி. கூரையிலிருந்த சுஹைல் அதை வா வா என்று கூப்பிட்டான். உள்ளே ஓடினாள். பட்டன் அசையவில்லை. தினமும் பிடுங்குகிற கூரை ஒயர் அந்த அவசரத்தில் அவள் நினைவுக்கே வரவில்லை. பிளக்கைப் பார்த்தாள். எந்தக் காரணத்துக்கும் பிடுங்காதே என்றவள் மகள். அந்தப் பச்சை விளக்குக்குப் பின்னால் இருப்பது அவள் தினமும் காதை வைத்துக் கேட்கிற ஒரே ஒரு கேள்வி. கை நீட்டியவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது, ஒரு மூச்சோ இரண்டு மூச்சோ இருக்கும். அந்த நேரத்துக்குள்தான் பள்ளத்தில் ஏதோ கனமாக விழுந்தது. பாறையில் ஒரு தடவை மோதி, இன்னொரு தடவை மோதி, பிறகு சத்தமே இல்லை. கொட்டிலில் கன்று மட்டும் கத்தியது.

நுவைர் பிளக்கைப் பிடுங்கினாள். “போதுமா, நு” என்று கூரை பாதியில் நின்றது.

பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றுகொண்டு, “சுஹைல்,” என்று கத்தினாள். “சுஹைல், இருக்கீங்களா?” பதில் வராது என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். ஆனாலும் அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. டின் சத்தமும் இல்லை. விழுந்தது மாடா மனுஷனா என்று யாரைக் கேட்பது? பகீத் சலாலாவில். மூட்டம் அவள் முகத்தில் ஈரக் கையை வைத்துத் தடவியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு பயம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய பிறகு, டின் சத்தம் கேட்டது.

டண். டண். டண். அவசரமில்லாமல், தினமும் தட்டுகிற மாதிரி. அத்தி மரத்துப் பக்கத்திலிருந்து. உயிரோடு இருக்கிறான். மிஞ்சினதைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான், இப்போது குரல் கேட்கிறான். நுவைர் எழுந்தாள், ஆனால் நகரவில்லை. அந்த டின்னை ஒரு தடவை நம்பியாயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். அத்தி மரம்தான். இந்தப் பக்கம்தான்.

உள்ளே போய் பிளக்கைச் செருகினாள். பச்சை விளக்கு எரியவில்லை. எடுத்துத் துடைத்துச் செருகினாள். பெட்டிக்குள் எங்கோ கரகரவென்று ஏதோ சுற்ற முயன்று நின்றுவிட்டது. கருகின சாம்பிராணி வாசனை வந்தது. தகரத்தில் கையை வைத்தாள். சூடு இன்னும் கொஞ்சம் இருந்தது, செத்த ஆடு மாதிரி.

டண். டண். டண்.

வாசலுக்கு வந்து நின்றாள். பெண்கள் செய்யாத காரியம். செய்தால் பகீத் என்ன சொல்வான், ஊர் என்ன சிரிக்கும் என்பதெல்லாம் அவள் மனசில் வந்தது, வந்ததும் போய்விட்டது. இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தாள். ஹோஓ ஹ்ரோ, ஹோஓ ஹ்ரோ. முதல் தடவை பாதியில் அறுந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. அவன் உடைக்கிற இடத்தில் உடைந்தது, அவன் ஏறுகிற இடத்தில் ஏறியது, அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் அவளும் வாங்கினாள். அத்தி மரத்தடியில் டின் நின்றது.

மாடுகள் வந்தன. மூட்டத்திலிருந்து முதலில் மூச்சு, பிறகு மூக்கு, பிறகு கொம்பு. ஒவ்வொன்றும் அவளை முகர்ந்து பார்த்துத் தயங்கிவிட்டுக் கொட்டிலுக்குப் போனது. முன்னால் வர வேண்டியவள் வரவில்லை. கடைசியில் சுஹைல் வந்தான். முழங்கை தோலுரிந்து ரத்தம் வழிந்திருந்தது. கழுத்துத் துணி நனைந்து ஓட்டையோடு ஒட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வெளியே வந்தது. கூரையைப் பார்த்தான். வாசல் வழியே இருட்டாகக் கிடந்த மேஜையைப் பார்த்தான். பிறகு அவள் வாயைப் பார்த்தான், வெகுநேரம்.

“அதுவாத்தான் கூப்பிட்டுச்சு,” என்றாள் நுவைர். “மொதத் தடவ அதுவா.”

இரண்டாவது தடவையை அவளால் சொல்ல முடியவில்லை.

அவன் கொட்டிலுக்குப் போய் மாடுகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். கன்றின் அருகே வந்து நின்றான். வெளியே வந்து, பள்ளத்தின் விளிம்புவரை போய், மூட்டத்தைக் கையால் துழாவிக் காட்டி, ஒரு கையால் கொம்பு வைத்துக் காட்டினான். ஹம்ரா எங்கோ வழிதவறி நிற்கிறாள் என்றான். மூட்டத்தில் கண் தெரியாத அவனுக்கு, டின்னை அடித்துக்கொண்டிருந்த அவனுக்கு, பள்ளத்தில் விழுந்த அந்தச் சத்தம் கேட்டிருக்கவில்லை. நுவைருக்குக் கேட்டிருந்தது.

அவன் டின்னைத் தட்டினான்.

நுவைர் கூப்பிட்டாள். பள்ளம் அந்தக் கூப்பாட்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கொடுத்தது. சுஹைல் காதில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மறுபடி தட்டினான். மறுபடி கூப்பிட்டாள். கன்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னது. அவ வரமாட்டா சுஹைல், நான்தான் அழுத்தினேன் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவன் முகம் மூட்டத்தைப் பார்த்து அப்படித் தவித்துக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினான். அவளுக்குத் தொண்டை எரிந்தது, குரல் கம்மிப்போனது.

“போதுமா, சுஹைல்?” என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு டின்னைத் தட்டினான்.